ராஜபாளையம் நாய்க்குட்டி: யாரிடம் வாங்கலாம், யாரிடம் கூடாது

ராஜபாளையம் குட்டிக்கு விலை சொல்பவர்கள் மூன்று விஷயங்களைச் சொல்லித்தான் விலை ஏற்றுவார்கள்: சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு, நல்ல உயரம் போகும். தோப்புக்கோ பட்டிக்கோ காவல் நாய் தேடுகிறவர் இந்த மூன்றையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது வேறு. குட்டிக்குக் காது கேட்கிறதா, தாய் எப்படிப்பட்டது, தாயிடமிருந்து எத்தனையாவது நாளில் பிரிக்கிறார்கள்? சந்தை நிறத்துக்குத்தான் பணம் கொடுக்கிறது. வளர்ப்பவர்களும் நிறத்தைப் பார்த்தே சேர்க்கை விடுகிறார்கள். அதனால் குட்டியை விட விற்பவரைத்தான் அதிகம் ஆராய வேண்டியிருக்கிறது. குட்டி கிடைக்கும் வழிகளை அந்தக் கண்ணோடுதான் இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

காதிலிருந்து தொடங்குவோம். நிறமிச் செல்கள் தோலுக்கும் மூக்குக்கும் மட்டும் வேலை செய்பவை என்று நினைக்கிறோம். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் பகுதிக்கு ரத்தம் கொடுக்கும் படலம் உயிரோடு இருக்கவும் அவை தேவை. உடம்பெல்லாம் வெள்ளையாக இருக்கும் நாய்களில் சிலவற்றுக்கு அந்தச் செல்கள் காதுவரை போய்ச் சேர்வதில்லை. பிறந்து 3, 4 வாரத்தில் அந்தப் படலம் சிதைகிறது. கேட்கும் திறன் நிரந்தரமாகப் போய்விடுகிறது. டால்மேஷியனில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். நீலக் கண் உள்ள குட்டிகளில் செவிடு அதிகம். பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டு உள்ளவற்றில் குறைவு. ஒரு காது மட்டும் கேட்கும் நாயைச் சேர்க்கைக்கு விட்டால் அடுத்த ஈத்தில் செவிட்டுக் குட்டிகள் கூடுகின்றன. ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது ஊரறிந்த விஷயம்தான். காவலுக்கு மட்டும் நாய் தேடுகிறவருக்கு இதில் ஓர் ஆதாயம் உண்டு: காதிலோ முதுகிலோ நிறத் திட்டு விழுந்த குட்டியைக் 'கழிவு' என்று விலை குறைத்துத் தருவார்கள். காதை மட்டும் சோதித்துவிட்டு அதைத் தாராளமாக வாங்கலாம். கண்காட்சியில் நிற்காது, தோப்பில் நிற்கும்.

சோதிப்பது கஷ்டமில்லை, ஒழுங்காகச் செய்தால். குட்டிக்கு 5 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். கூடப் பிறந்தவற்றிடமிருந்து பிரித்துத் தனியறைக்குக் கொண்டுபோக வேண்டும். கூட்டத்தில் இருந்தால் செவிட்டுக் குட்டியும் மற்றவை திரும்புவதைப் பார்த்துத் திரும்பிவிடும். பின்னால் 6 அடி தள்ளி நின்று சாவிக்கொத்தை ஒரே ஒரு முறை குலுக்குங்கள். காலால் தரையைத் தட்டாதீர்கள், கை தட்டாதீர்கள். அதிர்வும் காற்றும் போய் ஏமாற்றிவிடும். காது நிமிர்ந்தாலோ தலை திரும்பினாலோ போதும். மூன்றாவது, நான்காவது சத்தத்துக்கு நன்றாகக் கேட்கும் குட்டியே சலித்துப்போய்ப் பேசாமல் இருக்கும் என்பதால் முதல் சத்தத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னும் நல்ல வழி, குட்டிகள் தூங்கும்போது போவது. தட்டுச் சத்தம் கேட்டு எல்லாம் எழுந்து ஓட, ஒன்று மட்டும் அசையாமல் தூங்கினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காது மட்டும் போன குட்டியை இதிலெல்லாம் பிடிக்க முடியாது. பச்சிளம் குழந்தைகளுக்குச் செய்யும் பெரா சோதனையின் நாய் வடிவம்தான் அதற்கு வழி. அந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆனால் தாய்க்கும் தகப்பனுக்கும் அதைச் செய்து அறிக்கை கையில் வைத்திருக்கிற வளர்ப்பாளர் கிடைத்தால், அவரிடம் விலை பேரம் பேசாதீர்கள்.

இனி விற்பவர்கள்.

முதலிடம் சிறிய வளர்ப்பாளர்களுக்கு. ராஜபாளையத்தைச் சுற்றி, மலையடிவார மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் இரண்டு பொட்டை, ஒரு கடுவன் என்று வைத்திருப்பவர்கள். இவர்களிடம் பெரிய பலகை இருக்காது, வரவேற்பறை இருக்காது. குட்டியும் நினைத்த நேரத்துக்கு இருக்காது. அதுதான் நல்ல அடையாளம். இரவில் தோப்பில் சுற்றிவரும் நாயின் குட்டி அது. தாய் வேலை செய்வதை நீங்களே நின்று பார்க்கலாம். அந்நியரைக் கண்டதும் தாய் குரைக்க வேண்டும், ராஜபாளையம் அப்படித்தான். உடையவர் ஒரு வார்த்தை சொன்னதும் அடங்க வேண்டும். சொல்லியும் அடங்காமல் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பதும், வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்குவதும் இரண்டுமே ஆகாது. அச்சத்தால் கடிக்கும் தாயின் குணம் குட்டிக்கு இரண்டு வழியாக வருகிறது: ரத்தத்தில் கொஞ்சம், பார்த்துக் கற்பதில் மீதி.

இவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்: "போன ஈத்தில் எத்தனை குட்டி, அதில் எத்தனைக்குக் காது கேட்கவில்லை, அவற்றை என்ன செய்தீர்கள்?" "ஏழு போட்டுச்சு, ஒண்ணுக்குக் கேக்கல, வீட்லயே வச்சிருக்கோம்" என்று சொல்பவரிடம் தைரியமாக வாங்கலாம். "எங்க லைன்ல செவிடே கிடையாதுங்க" என்று சொல்பவர் சோதித்ததே இல்லை, அல்லது சொல்ல விரும்பவில்லை. இரண்டும் உங்களுக்கு ஒன்றுதான்.

குறையும் சொல்ல வேண்டும். நிறம் மாறக் கூடாது என்று அண்ணன் தங்கையையும் தகப்பன் மகளையும் சேர்க்கை விடும் பழக்கம் சிறிய வளர்ப்பாளர்களிடம் உண்டு. வேறு கடுவனைத் தேடி வெளியூர் போகும் செலவும் அலைச்சலும் மிச்சம் என்பதும் ஒரு காரணம். கடுவன் எங்கிருந்து வந்தது, அதன் தாய் யாருடையது என்று இரண்டு தலைமுறை கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வீட்டில் போய் முடிந்தால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்தது பல இனம் வைத்திருக்கும் பண்ணைகள். ஷெட், கூண்டு, ஒவ்வொரு கூண்டுக்கும் பெயர்ப்பலகை. ராஜபாளையம் கேட்டாலும் கிடைக்கும், லாப்ரடார் கேட்டாலும் கிடைக்கும். எப்போது போன் போட்டாலும் குட்டி தயார் என்றால், பொட்டைகளுக்கு ஓய்வு இல்லை என்று பொருள். 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன: வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் ஆகாத பொட்டையைச் சேர்க்கை விடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈத்து, வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டதும் பேச்சு மாறினால் அதற்கு மேல் விசாரிக்கத் தேவையில்லை. முறையாக நடத்தும் பண்ணைகளும் உண்டு. அங்கேயும் எங்களுக்கு உள்ள தயக்கம் வேறு: 3 வாரத்திலிருந்து 12 வாரம்வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். அதைச் சிமெண்டுத் தரையிலும் கம்பிக்குப் பின்னாலும் கழித்த குட்டி, குழந்தை ஓடினாலும் மிரளும், மிக்சி ஓடினாலும் மிரளும்.

இணைய விளம்பரம், வாட்ஸ்அப் குழு, வாரச் சந்தை மூன்றையும் ஒன்றாகவே ஒதுக்கலாம். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்: "அண்ணாச்சி, குட்டி ரெடியா இருக்கு, முப்பது நாளாச்சு. ஜீபே பண்ணிவிடுங்க, ராத்திரி பஸ்ல போட்டு விட்ருதேன்." இந்த ஒரு பேச்சில் நான்கு தப்பு இருக்கிறது. 30 நாளில் விற்பது சட்டப்படி குற்றம். அந்த வயதில் காது நிலைமை உறுதியாகத் தெரியாது. மூக்கு நிறமும் தெரியாது, ஏனென்றால் சாதாரண நாட்டு நாயின் வெள்ளைக் குட்டிக்கும் பிறந்த புதிதில் மூக்கு ரோஸாக இருந்து வாரக் கணக்கில்தான் கறுக்கும். நான்காவது, பஸ் டிக்கியில் அட்டைப்பெட்டிக்குள் இரவெல்லாம் வரும் குட்டி. தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வரும் நேரம், தடுப்பூசி இன்னும் வேலை செய்யாத நேரம். அப்போதுதான் பார்வோ என்ற வைரஸ் நோய் பிடிக்கும். 3 முதல் 7 நாளில் வாந்தியும் ரத்தப் பேதியும் தொடங்கும். விற்றவர் "எங்க வீட்ல நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்.

முயல் விரட்டும் வீடியோவைக் காட்டி 'வேலை செய்யும் ரத்தம்' என்று விற்பவர்களும் உண்டு. 1972-ன் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை. அவர் தன் குற்றத்துக்குத் தானே சாட்சி தருகிறார். அந்தச் சங்கிலியில் நீங்கள் சேர வேண்டாம்.

கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அவர்கள் தரும் சான்றிதழும் மைக்ரோசிப்பும் இந்தக் குட்டிக்கு இன்னது தாய், இன்னது தகப்பன் என்று பதிவு செய்கின்றன. நெருங்கிய ரத்த உறவில் சேர்க்கை விடுவதைத் தவிர்க்க அது பயன்படும். காது கேட்கும் என்றோ காவல் காக்கும் என்றோ அந்தக் காகிதம் சொல்வதில்லை. தோப்பு நாய்கள் பலவற்றுக்குக் காகிதமே இருக்காது. அதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். நாய்க் கண்காட்சிக்கு ஒருமுறை போய்வாருங்கள். வளர்ந்த நாய்களை வரிசையாகப் பார்க்கவும் உடையவர்களிடம் பேச்சுக் கொடுக்கவும் நல்ல இடம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று என்பதை அங்கே யாராவது கட்டாயம் சொல்வார்கள். தபால்தலை நாய்க்குக் காது கேட்கத் தேவையில்லை.

நாட்டு நாய் விஷயத்தில் பக்கத்து மாநிலத்தைப் பார்த்துப் பொறாமைப்படத்தான் வேண்டியிருக்கிறது. கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில், முதோலை அடுத்த திம்மாபூரில் கால்நடைப் பல்கலைக்கழகமே முதோல் நாய்க்கென்று ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. சுற்றுவட்டார வளர்ப்பாளர்களும் அதோடு தொடர்பில் இருக்கிறார்கள். ராணுவம் 2016-ல் மீரட்டில் பயிற்சிக்கு எடுத்தது அந்த முதோல் குட்டிகளைத்தான். ஓட்டமும் கூர்மையான பார்வையும் வேண்டுமென்றால் முதோலும் நல்ல தேர்வே. தமிழ்நாட்டு இனங்களில் சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் ஓடும் சாதி; கோழியும் ஆட்டுக்குட்டியும் அவிழ்த்து விட்டிருக்கும் வீட்டுக்குச் சின்ன வயதிலேயே பழக்கினால்தான் சரிவரும். இவை மெலிந்த உடம்பு என்பதால் மயக்க மருந்து கொடுக்கும்போது மருத்துவரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள். வெறும் காவல்தான் தேவை, வெள்ளை நிறத்தில் பிடிவாதம் இல்லை என்றால் தேனிப் பக்கத்துக் கோம்பையையும் யோசிக்கலாம். காதுப் பிரச்சினை அங்கே இல்லை. கலப்புக் குட்டியைக் கோம்பை என்று தலையில் கட்டுவதுதான் அங்கே பிரச்சினை.

குட்டியைக் கையில் வாங்கும் நாளில்: ஈறு ரோஸாக இருக்க வேண்டும், வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலோ பூச்சியோ. வயிறு மட்டும் பானை போல உப்பியிருந்தாலும் பூச்சிதான். பூச்சி மருந்து இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்திருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் புட்டியின் ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா பாருங்கள். பேனாவால் எழுதிய தேதி மட்டும் செல்லாது. மேல் பல் கீழ்ப் பல்லைச் சற்றே மூடி உட்கார வேண்டும். கடுவனாக இருந்தால் இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எவர்சில்வர் தட்டு ஒன்றைச் சற்றுத் தள்ளிக் கீழே போடுங்கள். துள்ளி விலகிவிட்டு, சில நொடியில் திரும்பி வந்து தட்டை முகரும் குட்டிதான் காவலுக்கு ஆகும். ஓடி ஒளிந்து வெளியே வராதது வேண்டாம். முதலில் ஓடிவந்து மடியில் ஏறும் குட்டியே நல்ல குட்டி என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அதற்குப் பசியாகக்கூட இருக்கலாம்.

சொந்த வண்டியில் போய் எடுத்துவாருங்கள். கிளம்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன் தீனி நிறுத்தச் சொல்லுங்கள். தாய் படுத்த துணியில் ஒரு துண்டு வாங்கி வந்து படுக்கையில் போடுங்கள். முதல் வாரம் அங்கே என்ன சாப்பிட்டதோ அதேதான். வழியில் டீக்கடை ஓரத்தில் இறக்கி விடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 16 வாரத்துத் தடுப்பூசி முடியும்வரை தெரு நாய் நடமாடும் இடம் எதுவும் கூடாது. அந்தச் சமயத்தில் ஆட்களையும் சத்தங்களையும் பழக்கக் குட்டியைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும்.