சூடாக இருக்கும் என்ஜினைச் சுழற்றிக் காட்டி 'கம்ப்ரஷன் போய்விட்டது' என்றால் நம்பாதீர்கள்

நைட்ரோ என்ஜின் (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் சிறிய என்ஜின்) பொருத்திய ஆர்.சி. கார், அதாவது ரிமோட்டில் ஓட்டும் கார், வைத்திருப்பவர்கள், அதைப் பழுது பார்க்கக் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று நான் கொண்டுபோன என்ஜினுக்குப் புதிய பிஸ்டனும் ஸ்லீவும் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) போட்டதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். போடவில்லை. போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது, கோளாறு அந்த இடத்திலேயே இல்லை.

3.5 சி.சி. என்ஜின், நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள பகி (buggy) வகை கார். இந்த வகை என்ஜின்கள் குளோ பிளக்கின் (எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) அருகில் அளந்தால் பொதுவாக 100 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை காட்டும். என்னுடையது 140-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போய், வேகத்தில் இருக்கும்போதே அணைந்துவிடும். திராட்டிலை விட்ட பிறகும் என்ஜின் வேகம் ஐடிலுக்கு (சும்மா ஓடும் குறைந்த வேகம்) உடனே இறங்காது, சில நொடிகள் உச்சத்திலேயே கத்திக்கொண்டு நிற்கும். கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் முதன்மை ஊசியைத் திறந்து எரிபொருளைக் கூட்டினால் சற்று நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு பழைய கதைதான். இன்று சரியாக இருக்கும் சரிக்கட்டு (ஊசிகளைத் திருப்பி வைத்த நிலை) நாளை இருக்காது.

இந்த அறிகுறிகளைச் சொன்னாலே, எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது என்று அனுபவமுள்ள எவருக்கும் தோன்ற வேண்டும். கார்புரேட்டரைத் தாண்டி வேறு வழியில் காற்று நுழைந்தால் கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்று கூடி எரிபொருள் குறைந்துவிடும். இந்த என்ஜினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன் ஆகியவற்றோடு எண்ணெயும் எரிபொருளிலேயே கலந்துதான் வருகிறது. ஆகவே எரிபொருள் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும், உராய்வைத் தடுக்கும் எண்ணெயும் குறையும். அதனால்தான் சூட்டோடு தொடர்ந்து ஓட்ட மனம் வரவில்லை, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பழுதுபார்ப்பவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எரிபொருள் எத்தனை விழுக்காடு நைட்ரோ, புட்டி திறந்து எவ்வளவு காலமாயிற்று, பற்சக்கரம் மாற்றினீர்களா, பிரேக் உரசுகிறதா, மேல்கூட்டில் காற்றுப் போக வழி வெட்டியிருக்கிறீர்களா என்று எதுவும் இல்லை. இவற்றில் ஒவ்வொன்றும் என்ஜினைச் சூடாக்கக்கூடியது. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் மூடி சரியாக மூடாத பழைய எரிபொருள் ஒன்றே போதும், சரிக்கட்டு முழுவதையும் கெடுத்துவிடும். அவர் நேராக என்ஜினைக் கிளப்பி, திராட்டிலை முறுக்கி, நன்றாகச் சூடேற்றினார். அணைத்துவிட்டு, "தம்பி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள்" என்றார். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. "பார்த்தீர்களா? கம்ப்ரஷன் போய்விட்டது. பிஸ்டன், ஸ்லீவ் செட் மாற்றியே ஆக வேண்டும்."

இதுதான் வித்தை. ஏ.பி.சி. வகை என்ஜினில் பிஸ்டன் அலுமினியம், ஸ்லீவ் பித்தளை, அதன் உட்புறம் குரோம் பூச்சு. ஸ்லீவின் மேற்பகுதி வேண்டுமென்றே சற்றுக் குறுகலாகச் செய்யப்பட்டிருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் அங்கே இறுகிப் பிடிக்கும். சூடேறும்போது பித்தளை அதிகமாக விரிந்து அந்தக் குறுகல் நேராகும். ஓடும் சூட்டில் சரியான இடைவெளி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த அமைப்பு. ஆக, சூடான என்ஜினைக் கையால் சுற்றினால் நேற்று வாங்கிய என்ஜின்கூடத் தளர்வாகத்தான் தெரியும். தேய்மானத்தைப் பார்ப்பதென்றால் என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு சுற்ற வேண்டும். உச்சியில் பிடிப்பே இல்லாமல் வழுக்கினால்தான் அது தேய்ந்துபோன செட்.

"ஆறட்டும், பிறகு பார்க்கலாமே அண்ணா" என்றேன். "நைட்ரோ என்றால் சூட்டில்தானே ஓடுகிறது? சூட்டில்தான் பார்க்க வேண்டும்" என்று பதில் வந்தது. கேட்பவருக்கு நியாயமாகப் படும் வாதம். வண்டியை விட்டுவிட்டு வந்தேன், பழைய உதிரிகளை எடுத்து வைக்கும்படி சொல்லிவிட்டுத்தான்.

திரும்ப வாங்கப் போனபோது பழைய உதிரிகள் "குப்பையோடு போய்விட்டன". ஓட்டிக் காட்டினார். மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம், நேர்கோட்டில், நீலப்புகை கக்கக் கக்க. முதன்மை ஊசி தாராளமாகத் திறந்து விடப்பட்டிருந்தது. ஹெட்டின் கீழ் கூடுதலாக ஒரு செம்பு ஷிம் (மெல்லிய வளையத் தகடு), மேலே ஒரு குளிர் வகை பிளக், இரண்டும் சூட்டைச் சற்றுக் குறைக்க. தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதைதான். பிறகு அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டி, "பாருங்கள், 95" என்றார். அவர் குறிவைத்தது ஹெட்டின் வெளிவிளிம்பை. காற்று படும் அந்தத் துடுப்புகள் பிளக்கின் அடிப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும். போதாததற்குப் பளபளக்கும் வெற்று அலுமினியத்தில் இந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். மேலிருந்து நேராகப் பிளக் பொருந்தியிருக்கும் குழிக்குள் குறிவைத்து அளப்பதுதான் முறை. நான் அங்கேயே அப்படி அளந்தேன், 120-ஐத் தாண்டியிருந்தது. அத்தனை எரிபொருளைக் குடித்துக்கொண்டு, கூடு இல்லாமல், அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் அது நல்ல அறிகுறியல்ல.

வீட்டில் கூட்டை மாட்டி ஓட்டியதும் மறுபடியும் 140. ஹெட்டைக் கழற்றினேன். முன்பொரு முறை பிளக்கின் கம்பி உடைந்து விழுந்ததில் பிஸ்டன் தலையில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. அப்போதே படம் எடுத்து வைத்திருந்தேன். அதே பள்ளம், அதே இடத்தில். சைலன்சரைக் கழற்றி எக்சாஸ்ட் துவாரத்தின் வழியாகப் பார்த்தால் பிஸ்டனின் பக்கவாட்டில் அதே சாய்ந்த கீறல். புதிய செட் என்று எனக்கு விற்கப்பட்டது என்னுடைய பழைய செட்தான், துடைத்து வைத்தது. ஆறிய பிறகு சுற்றிப் பார்த்தால் உச்சியில் நன்றாகவே பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையான கோளாறு கார்புரேட்டரின் கழுத்தில் இருந்த ஓ ரிங், காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. எக்சாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்துவிட்டு, எரிபொருள் நுழையும் முனையில் ஒரு குழாயை மாட்டி, திராட்டிலைச் சற்றுத் திறந்த நிலையில் என்ஜினைத் தண்ணீரில் அமிழ்த்தி ஊத வேண்டும். கழுத்தைச் சுற்றி குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. முன்பக்க பேரிங்கிலிருந்து ஓரிரு குமிழிகள் வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. கழுத்து, பின்தகடு, ஊசிகளின் அடி ஆகிய இடங்களில் வரக்கூடாது. எரிபொருள் குழாயில் ஊசிமுனை அளவு துளை, தொட்டி மூடியின் ரப்பர், சைலன்சரிலிருந்து தொட்டிக்குப் போகும் அழுத்தக் குழாய் ஆகியவற்றையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். சோதனை முடிந்ததும் தண்ணீரை முழுவதும் வடித்து, உலர்த்தி, உடனே உள்ளே எண்ணெய் விட்டுச் சுழற்றாவிட்டால் பேரிங் துருப்பிடித்துவிடும்.

காய்ந்து வெடித்திருந்த அந்த ரப்பர் வளையத்தை மாற்றினேன். வெப்பம் தாங்கும் சிலிக்கானை மெல்லிய கோடாகக் கழுத்தில் தடவினேன். கூடுதல் ஷிம்மையும் அவர் போட்ட பிளக்கையும் எடுத்துவிட்டேன். ஊசிகளைத் தயாரிப்பாளர் சொன்ன நிலைக்குக் கொண்டுவந்து, எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல் சரிக்கட்டியதில், இப்போது கூட்டோடு ஓடும்போது 110-ஐ ஒட்டியே நிற்கிறது.

படங்களோடு கடைக்குப் போனேன். முதலில், "எல்லாப் பிஸ்டனிலும் அப்படித்தான் இருக்கும்" என்றார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் பேச்சு மாறியது. "நீங்களே என்ஜினைத் திறந்துவிட்டீர்கள், இனி நாங்கள் பொறுப்பல்ல." ரசீதை நீட்டினேன். அதில் உதிரியின் பெயரோ எண்ணோ இல்லை, 'என்ஜின் வேலை' என்று ஒரே வரி. புதிய செட் போட்டதாக எங்கே எழுதியிருக்கிறது என்று என்னிடமே கேட்டார். பணம் திரும்பி வரவில்லை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால், கொடுக்குமுன் எக்சாஸ்ட் துவாரத்தின் வழியே பிஸ்டனைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், உதிரி எண் எழுதாத ரசீதுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.