மூன்று ஆண்டுகள் ஸ்டீராய்டு மட்டும்: எம்எஸ் நோயாளிகளின் கவனத்திற்கு

எனக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்எஸ்) இருப்பது 2020ஆம் ஆண்டு தெரியவந்தது. இடது கண் ஒரே வாரத்தில் மங்கியது. கண்ணை உருட்டினாலே வலித்தது. அரக்குச் சிவப்புப் புடவை அந்தக் கண்ணுக்கு வெளுத்த செங்கல் நிறமாகத் தெரிந்தது. கண் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி, திருநெல்வேலியில் பெயரெடுத்த நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். நோயின் பெயரைச் சரியாகச் சொன்னவர் அவர்தான் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் அவரிடம் நான் ஏமாந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையைச் சிதைப்பதுதான் இந்த நோய். புதிய தாக்குதல் வரும்போது ஸ்டீராய்டு ஏற்றினால் அழற்சி சீக்கிரம் தணியும். ஆனால் அடுத்த தாக்குதலை அது தடுக்காது. தடுப்பதற்கென்று இன்டர்ஃபெரான் ஊசி, டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை, ரிட்டுக்சிமாப் என்று தனியாக மருந்துகள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றின் பெயரைக்கூட அவர் வாயால் நான் கேட்டதில்லை. "வரும்போது பார்த்துக்கொள்ளலாம்மா, வந்தால் மூன்று நாள் டிரிப்ஸ் போட்டால் சரியாகிவிடும்" என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். என் முறைக்காக நான் காத்திருந்தது இரண்டு மணி நேரம் என்றால், அவர் என்னைப் பார்த்தது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் காலைச் சோதிப்பதற்காக என் செருப்பைக் கழற்றச் சொல்ல அவருக்கு ஒருநாளும் நேரம் இருந்ததில்லை.

ஏற்றிய ஸ்டீராய்டிலும் பாதி தேவையற்றது என்று பின்னால் தெரிந்தது. கத்திரி வெயிலில் பள்ளியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்தால் என் கண் மங்கும், கால் துவளும்; வீட்டுக்கு வந்து குளிர்ந்த நீரில் குளித்து, மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் படுத்தால் பழையபடி ஆகிவிடும். உடல் சூடேறும்போது ஏற்கெனவே உறை சிதைந்த நரம்பில் செய்தி தடைபடுவதால் வருவது இது. உத்தோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். இதைப் புதிய தாக்குதல் என்று சொல்லி இரண்டு கோடைகளில் என்னைப் படுக்கவைத்து ஸ்டீராய்டு ஏற்றினார். இன்னொரு முறை சிறுநீர்த் தொற்றால் 102 டிகிரி காய்ச்சலில் கால் மரத்துப் போயிருந்தபோதும், சிறுநீரைச் சோதித்துப் பார்க்காமலேயே அதையே ஏற்றினார். மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை. இப்போது எனக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது.

2023இல் நடை தடுமாறத் தொடங்கியபோது, சென்னையில் உள்ள ஒரு ஸ்டெம் செல் மையத்தின் அட்டையை அவரே என் கையில் கொடுத்தார். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துத் தண்டுவட நீரில் செலுத்தினால் நரம்பு புதிதாக வளரும் என்றும், கட்டணம் நான்கு லட்சம் என்றும் அங்கே சொன்னார்கள். நம்ப வைப்பதற்காக அவர்கள் எடுத்துக் காட்டிய கட்டுரைகள் அனைத்தும் உண்மையானவை. ஆனால் அவை வேறொரு சிகிச்சையைப் பற்றியவை. வலுவான கீமோதெரபி கொடுத்து நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கிவிட்டு, நோயாளியின் இரத்தத்திலிருந்து முன்பே சேமித்த ஸ்டெம் செல்களைத் திரும்பச் செலுத்தும் சிகிச்சை அது. தேர்ந்தெடுத்த எம்எஸ் நோயாளிகளுக்கு மட்டும் பெரிய மருத்துவமனைகளில் செய்யப்படுவது. அசல் நோட்டைக் காட்டிக் கள்ள நோட்டைக் கையில் திணிக்கும் வேலைதான் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, அனுமதிக்கப்பட்ட சில இரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாக விற்கக்கூடாது. இதை நான் படித்தது முன்பணமாக 50,000 ரூபாய் கட்டிய பிறகு.

மீதியைக் கட்டும் முன் இன்னொருவரிடம் கேட்டுவிடலாம் என்று என் தம்பி பிடிவாதம் பிடித்ததால், திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த நரம்பியல் மருத்துவர் முதலில் என்னை நடக்கச் சொன்னார்; பிறகு ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனிக்கு முன்னால் ஒட்டி வைத்து, கோட்டின் மேல் நடப்பதுபோல் நடக்கச் சொன்னார். அதிரும் இசைக்கவையை என் கால் கட்டைவிரலில் வைத்து, "அதிர்வு நிற்கும்போது சொல்லுங்கள்" என்றார். எனக்கு அது தொடங்கியதே தெரியவில்லை. 2020, 2023 ஆகிய இரு ஆண்டுகளின் எம்.ஆர்.ஐ. படங்களையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாகப் போட்டு, நரம்புறை சிதைந்த இடங்களைக் காட்டும் புள்ளிகளில் புதிதாக வந்தவற்றை என்னையே எண்ணச் சொன்னார். ஏழு. எம்எஸ் போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்எம்ஓ நோயைக் காட்டும் அக்வாபோரின்-4 இரத்தப் பரிசோதனை எனக்கு அதுவரை செய்யப்படவே இல்லை என்பது அவருக்கே வியப்பாக இருந்தது. எம்எஸ் மருந்துகள் சில அந்த நோயை இன்னும் மோசமாக்கும் என்பதால், மருந்தைத் தொடங்கும் முன் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். எனக்கு அது இல்லை என்று முடிவு வந்தது. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன், "குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா?" என்றும் கேட்டார், கருவுற நினைக்கும் பெண்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது என்பதால் கேட்ட கேள்வி அது. மூன்று ஆண்டுகளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வியும்கூட. ஹெபடைடிஸ் பி, காசநோய்ப் பரிசோதனைகளுக்குப் பிறகு ரிட்டுக்சிமாப் தொடங்கினார்கள். அதன் பிறகு புதிய புள்ளி எதுவும் வரவில்லை. ஆனால் போன நடை திரும்பவில்லை, ஊன்றுகோலோடுதான் வகுப்புக்குப் போகிறேன்.

உங்கள் மருத்துவர் தாக்குதலுக்கு மட்டும் மருந்து கொடுத்து, இடைப்பட்ட மாதங்களுக்கு எதுவும் எழுதவில்லை என்றால், தடுப்பு மருந்து ஏன் வேண்டாம் என்று நேரடியாகக் கேளுங்கள். காரணம் சொல்ல முடியாதவரிடம் இன்னொரு ஆண்டைக் கொடுக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்எஸ் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் எனக்கு அந்தப் பழைய மருத்துவர் சொன்னதில்லை. சான்றிதழுக்கு இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறேன்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று முறை அந்த மையத்திற்கு எழுதிவிட்டேன். அவர்கள் கொடுத்த ரசீதில் ஸ்டெம் செல் என்ற சொல்லே இல்லை. "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் இருக்கிறது. அந்த ரசீதின் நகலோடு நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.