கலியாணவீட்டு வீடியோக் கசெற்றைக் (VHS) கணினிக்கு மாற்ற எந்த வழி நல்லது?

கசெற்றை உறையிலிருந்து எடுத்து, அதன் கண்ணாடிப் பக்கத்தில் வெளிச்சம் படும்படி சரித்துப் பிடியுங்கள். சுருளின் பக்கம் கறுப்பாக, மினுக்கமாகத் தெரிந்தால் நல்லது. மாத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகளோ சிலந்திவலை போன்ற கோடுகளோ தெரிந்தால் அது பூஞ்சணம். அதை எந்த டெக்கிலும் (கசெற் ஓட்டும் கருவி) போடாதீர்கள். ஒரு தரம் ஓடினாலே, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சணம் அப்பிவிடும். அடுத்துப் போடும் நல்ல கசெற்றுக்கும் தொற்றும். மாரியும் கடற்காற்றும் உள்ள யாழ்ப்பாணத்தில், இருபது முப்பது வருடம் அலுமாரி மேற்தட்டில் கிடந்தவற்றில் இது அடிக்கடி காணப்படும். ஒடியல் காயவைப்பதுபோல முற்றத்து வெயிலிலும் வைக்கவேண்டாம், வெக்கையில் கூடு நெளியும், நாடா சுருங்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் தனியாக வைத்து, துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கவேண்டும்.

நல்ல கசெற்றுகளைத் தனியே பிரித்த பிறகுதான் எந்த வழி என்ற கேள்வி வருகிறது. அதற்கும் முன்னம் ஒரு சின்ன வேலை. கசெற்றின் முதுகுப் பக்க இடது ஓரத்தில் சின்னப் பிளாஸ்ரிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால், தவறி றெக்கோட் பொத்தான் அமர்ந்தாலும் படம் அழியாது. எல்லாக் கசெற்றிலும் இதை முதலில் செய்துவிடுங்கள்.

டெக்கில்தான் பாதி வேலை

கணினியில் செருகும் கருவிக்குக் காசைக் கொட்டிவிட்டு, கிடைத்த டெக்கில் போட்டுப் பார்ப்பதுதான் பலரும் விடும் பிழை. நாடாவிலிருந்து படத்தை எடுப்பது டெக். அது எடுக்காததை எந்தக் கருவியும் பிறகு கொண்டுவராது. புதிய டெக் இனி வாங்கக் கிடைக்காது: கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே உறவுக்காரர் வீடுகளில் கிடக்கும் இரண்டு மூன்று டெக்குகளை எடுத்து, ஒரே கசெற்றின் ஒரே காட்சியை ஒவ்வொன்றிலும் ஓடவிட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் அந்தச் சோதனைக்குக் கலியாணக் கசெற்றைப் போடவேண்டாம். பழைய படக் கசெற் ஒன்று போதும்.

ஹெட்டைத் துடைக்கும் விதம் முக்கியம். டெக்கின் வயரைச் சுவரிலிருந்து கழற்றி மூடியைத் திறந்தால், நடுவே மினுங்கும் உருளை தெரியும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் ஒரு துண்டு வெள்ளைத் தாளை நனைத்து, உருளையின் பக்கத்தில் ஆடாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உருளையை மெதுவாகச் சுற்றுங்கள். தாளை மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் நுனி உடைந்துவிடும். பஞ்சுக் குச்சி கூடவே கூடாது, அதன் இழை நுனியில் கொளுவிக்கொள்ளும். நாடாவை இழுக்கும் இறப்பர் உருளைக்கு அற்ககோல் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீர் தொட்ட துணி போதும்.

வெளிநாட்டிலிருந்து வந்த டெக் என்றால் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இல்லாமல் அகலமான ஸ்கார்ட் துளை மட்டும் இருக்கலாம். அதற்கான மாற்றியில் உள், வெளி என்று ஒரு சின்ன ஆளி இருக்கும். அது வெளிப் பக்கம் இல்லாவிட்டால் படம் வராது. டெக் பழுது என்று நினைத்து நல்ல டெக்கைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மலிவு யூஎஸ்பி கருவி

மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை ஒரு முனையிலும் யூஎஸ்பியை மறுமுனையிலும் கொண்ட சின்னக் கருவி. எளிதாக வாங்கலாம், விலையும் குறைவு. நல்ல நாடாவுக்கு இது போதும். சிக்கல் வருவது கமெராவை நிறுத்தி நிறுத்தி எடுத்த நாடாவில். காட்சிக்குக் காட்சி இடையே சமிக்ஞை தடுமாறும்போது கருவி சில படச்சட்டங்களைத் தவறவிடும். ஒலியோ இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மணித்தியாலம் போனபின் பார்த்தால் தாலி கட்டி முடிந்த பிறகு கெட்டிமேளம் கேட்கும்.

இரண்டாவது சிக்கல் வெளிச்சம். அந்தக் காலக் கலியாணவீட்டு வீடியோ லைற்றில் மாப்பிள்ளையின் வேட்டியும் சால்வையும் வெறும் வெள்ளைப் பூச்சாகிவிடும். நாடாவில் மடிப்பு இருக்கிறது, கருவிதான் அதை வெட்டுகிறது. பதிவு தொடங்குமுன் மென்பொருளின் பட அமைப்பில் வெளிச்சத்தையும் கொன்ட்ராஸ்ரையும் குறைத்து, வேட்டியின் மடிப்பு தெரியும்வரை கொண்டுவாருங்கள். பதிந்த பிறகு குறைத்தால் மடிப்பு வராது.

வேர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருளில் இங்குள்ள வீடியோ முறையான பால் (PAL) என்பதைத் தெரிவுசெய்து, 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 சட்டமாக, ஒலியை 48 கிலோஹேர்ட்ஸில், ஹஃப்யுவ் போன்ற இழப்பில்லாத சுருக்கத்தில் பதியுங்கள். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 30 ஜிபி போகும்; மூன்று மணித்தியால ஈ-180 கசெற் ஒன்றுக்கு 100 ஜிபி ஒதுக்குங்கள். கருவியை ஹப் வழியாகச் செருகாமல் கணினியில் நேராகச் செருகுங்கள். பதிவு நடக்கும்போது வைஃபையை நிறுத்திவிடுங்கள். டெக்குக்கு ஒரு சின்ன யூபிஎஸ் இருக்கட்டும். நாடா உருளையைச் சுற்றியிருக்கும்போது கரண்ட் போனால், திரும்பி வரும்போது கசங்கக்கூடும்.

எச்டிஎம்ஐ பெட்டி

மஞ்சள் வயரை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டியை வாங்கி, அதிலிருந்து கணினிக்கு எடுப்பது இப்போது பலர் செய்யும் வேலை. எங்கள் முடிவு: வேண்டாம். பழைய வீடியோவில் ஒவ்வொரு சட்டமும் இரண்டு அரைப் படங்களாக, நொடிக்கு 50 தரம் வருகிறது. இந்தப் பெட்டிகளில் அனேகமானவை அவற்றை அவசரமாகக் கலந்து, 60 ஆக்கி, 1080 கோடுகளுக்கு ஊதிப்பெருப்பித்துத் தருகின்றன. ஆரத்தித் தட்டு சுற்றும்போது விட்டுவிட்டு இழுக்கும், முகங்கள் அகலமாகிவிடும். கோப்பில் எச்டி என்று எழுதியிருக்கும். நாடாவில் இருந்ததிலும் குறைவுதான் அதற்குள் இருக்கும். பிறகு திருத்தவும் இயலாது.

டிவிடி றெக்கோடர்

பலர் மறந்துபோன சாமான் இது. நாங்கள் முதலில் தேடச் சொல்வதும் இதைத்தான். இரண்டு விதமாக உதவும்.

ஒன்று, நேராகத் தட்டில் பதிவது. 4.7 ஜிபி தட்டில் எக்ஸ்பி தரத்தில் ஒரு மணித்தியாலம், எஸ்பி தரத்தில் இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். எல்பி தரத்துக்குப் போகவேண்டாம், அங்கே படத்தின் விவரம் கண்ணுக்குத் தெரியக் குறையும். ஒலி பிசகுவது அரிது, கணினி தெரியாத ஒருவரும் செய்யலாம். முடிந்ததும் ஃபைனலைஸ் செய்ய (தட்டை மற்ற பிளேயர்களும் படிக்கும்படி முடித்துவைக்க) மறந்தால் வேறு எந்த பிளேயரிலும் தட்டு ஓடாது.

இரண்டாவது பயன்தான் பெரியது. டெக்குக்கும் யூஎஸ்பி கருவிக்கும் நடுவே றெக்கோடரை வைப்பது: டெக்கின் வயர் றெக்கோடருக்குள் போகும், றெக்கோடரின் வெளிவயர் கருவிக்குள் போகும், தட்டுப் போடவே தேவையில்லை. றெக்கோடரில் ஏவி உள்வழியைத் தெரிவுசெய்துவிட்டால் படம் ஊடாகப் போகும். போகும் வழியில், நாடா இழுபட்டதால் வந்த நெளிவை அது நேராக்கும். மணவறைத் தூண்கள் பாம்புபோல நெளிந்து நிற்கும் கசெற் இருந்தால் இந்த வித்தியாசத்தை அங்கே பாருங்கள். சட்டங்கள் தவறுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். எல்லா றெக்கோடரும் இதைச் செய்யாது. பானசோனிக்கின் டிஎம்ஆர்-ஈஎஸ்10, ஈஎஸ்15 என்ற இரண்டும் இதற்குப் பேர்போனவை. ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளிடம் பழையதாக ஒன்று தேடச் சொல்லுங்கள். இரைச்சல் குறைக்கும் அமைப்பு இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது முகத்தை மெழுகுபோல ஆக்கும்.

ஸ்ரூடியோவில் கொடுப்பது

நேரமில்லாதவருக்கு இது சரியான வழி. ஆனால் என்ன கேட்டு வாங்குவது என்று தெரிந்து போகவேண்டும். தலைப்பு, பூ விழும் எஃபெக்ட், புதுப் பாட்டு எதுவும் சேர்க்காத வெறும் படம் வேண்டும். 4க்கு 3 விகிதத்தை இழுத்து அகலமாக்கக்கூடாது. எம்பி4 என்றால் நொடிக்கு 8 மெகாபிற்றுக்குக் குறையக்கூடாது. டிவிடியாக மட்டும் அல்லாமல் கோப்பாகவும் தரவேண்டும். இவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கசெற்றுகளுக்கு எண் ஒட்டி, முதலில் ஒன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

முன்னரே விசிடிக்கு மாற்றியாயிற்று என்று கசெற்றை எறிய நினைப்பவர்களுக்கு: விசிடியின் படம் 352க்கு 288 மட்டும். அதாவது நாடாவில் வரும் கோடுகளில் பாதி போய்விட்டது. கசெற் இருந்தால் திரும்ப எடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது

சில கசெற்றுகளுக்கு இதுதான் சரி. கனடாவிலிருந்து வந்த கலியாணக் கசெற் அங்குள்ள வீடியோ முறையான என்ரிஎஸ்சியில் (NTSC) இருக்கும், இங்கே பால். கசெற்றில் ரி-120 என்று இருந்தால் அது என்ரிஎஸ்சி நாடுகளில் விற்றது, ஈ-180, ஈ-240 என்று இருந்தால் பால் நாடுகளில் விற்றது. இது நல்ல தடயம், ஆனால் உள்ளே பதிந்தது வேறாகவும் இருக்கலாம். பால் டெக் சிலவற்றில் என்ரிஎஸ்சி நாடா ரீவியில் வடிவாக ஓடும், கணினிக்குப் போகும்போது மட்டும் கறுப்பு வெள்ளையாகும். காரணம், அந்த டெக் தருவது உண்மையான என்ரிஎஸ்சி அல்ல, பால்-60 என்ற கலப்பு. மென்பொருளில் பால்-60 என்ற தெரிவு இருந்தால் முயன்று பாருங்கள், இல்லையென்றால் கனடாவில் இருப்பவரிடமே விடுங்கள். பிரான்சில் பதிந்த பழைய கசெற் செக்காம் முறையில் இருக்கலாம். இங்குள்ள டெக்கில் நிறமே வராது. அது பாரிஸுக்குப் போகவேண்டியது. விமான நிலைய எக்ஸ்-கதிர் காந்த நாடாவைக் கெடுக்காது. ஆனால் தபாலில் விடாமல், போகிறவரின் கைப்பையில் கொடுத்துவிடுங்கள்.

உறவுகளிடம் பேசும்போது இன்னொன்றும் கேளுங்கள்: அவர்களிடம் இருக்கும் கசெற் எந்தப் பிரதி? ஒரே சாமத்தியவீட்டு வீடியோவை டெக்கிலிருந்து டெக்குக்கு நாலைந்து கொப்பி எடுத்து இலண்டனுக்கும் சூரிச்சுக்கும் கொழும்புக்கும் அனுப்பிய காலம் அது. ஒவ்வொரு கொப்பிக்கும் நிறம் கரைந்து ஓரம் மங்கும். உங்கள் வீட்டில் இருப்பது மூன்றாவது கொப்பியாகவும், மாமா கொண்டுபோனது முதல் கசெற்றாகவும் இருக்கலாம். சேலைக் கரையைப் பாருங்கள்: சிவப்பு கரையைத் தாண்டி வழிந்திருக்கும் கசெற் பிந்திய கொப்பி.

சின்னக் கசெற்றுகள்

8 மில்லிமீற்றர் கசெற்றுகளுக்கு அந்தக் கமெராவே டெக். சொனியின் டிஜிற்றல்8 கமெராக்களில் சில, பழைய வீடியோ8, ஹை8 நாடாக்களையும் ஓட்டி, ஃபயர்வயர் என்ற டிஜிற்றல் வயர் வழியாக டிஜிற்றலாகவே தரும். அப்படி ஒன்று கிடைத்தால் மற்றக் கருவி எதுவும் தேவையில்லை. மணித்தியாலத்துக்கு 13 ஜிபி போகும். மினி டிவி கசெற்றில் படம் ஏற்கெனவே டிஜிற்றலாக இருக்கிறது. அதை மஞ்சள் வயரில் எடுப்பது, நெகற்றிவ் கையில் இருக்கப் படத்தைத் திரும்பப் படம் பிடிப்பதுபோல. ஃபயர்வயர் அட்டை பூட்டிய பழைய மேசைக் கணினி ஒன்று போதும், ஒரு துணுக்கும் குறையாமல் வந்துவிடும். ஸ்ரூடியோவில் கொடுத்தாலும் இதை வற்புறுத்திக் கேளுங்கள்.

எடுத்த பிறகு

பெரிய கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்குத் தனியாக ஒரு எம்பி4 செய்யுங்கள். ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், அரைப் படங்களை முழுச் சட்டமாக்கும் டீஇன்ரலேஸ் பகுதியில் பொப் என்ற தெரிவைப் போட்டு, நொடிக்கு 50 சட்டமாக எடுத்தால் ஆட்டமும் ஆரத்தியும் அன்று ரீவியில் ஓடினதுபோல வழுவழுப்பாக ஓடும். ரீவியில் செருகும் பென் டிரைவ் ஃபற்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபற்றுக்கு மாற்றுங்கள், அல்லது கோப்பை இரண்டாக வெட்டுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் நசிந்துபோகும், ஆவணமாக அனுப்புங்கள். யூரியூப்பில் ஏற்றினால், பின்னணியில் போட்ட சினிமாப் பாட்டுக்காக ஒலி நிறுத்தப்படலாம். கூடவே வரும் பேரப்பிள்ளையின் மழலையும் போய்விடும்.

இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு பிரதி, மூன்றாவது பிரதி வேறு நாட்டில் இருக்கும் ஒருவரிடம். கோயில் திருவிழா, கூத்து, பள்ளிக்கூட விழா பதிந்த கசெற் என்றால் அது குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல. இலங்கைத் தமிழரின் ஆவணங்களை இணையத்தில் பாதுகாக்கும் நூலக நிறுவனத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கோப்பின் பெயரில் ஆண்டும் ஊரும் நிகழ்ச்சியும் இருக்கட்டும்: ‘1993-கோப்பாய்-கலியாணம்-கசெற்2’ என்பதுபோல. பிறகு அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி ஒருமுறை ஓடவிட்டு, பந்தியில் இருப்பவர்கள் யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல நிமிடத்தோடு எழுதி, அந்தத் தாளையும் அதே கோப்புறையில் போடுங்கள்.