நான்கு சாம்பா தாளக் கருவிகள்: ஒலியும் பராமரிப்பும்

பிரேசிலின் ஸாவோ பாவ்லோ நகரில் உள்ள ஜெனரல் ஒசோரியோ தெரு இசைக் கருவிக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. பிரேசிலின் சாம்பா இசையில் வாசிக்கும் பாந்தெய்ரோ (தகடுகள் கோத்த கைப்பறை), குயிக்கா (உள்ளே கட்டிய குச்சியை உருவி ஒலியெழுப்பும் பறை), சுர்து (ஆழ்ந்த ஒலியுள்ள பெரிய பறை), தம்போரிம் (குச்சியால் அடிக்கும் சிறு பறை) ஆகிய நான்கையும் அங்குள்ள கடை ஒன்றில் வாங்கி, மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் வாசித்துப் பார்த்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கருவியின் ஒலியைப் பற்றிக் கடைக்காரர்கள் வாய் வலிக்கச் சொல்வார்கள். அந்த ஒலி கெடாமலிருக்க வாங்கியவர் என்ன பாடுபட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒவ்வொரு கருவியும் கேட்கும் பராமரிப்புக்கு ஈடாக எதைத் தருகிறது என்பதே இங்கே என் அளவுகோல்.

பாந்தெய்ரோ நான்கில் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். நான் வாங்கியது 10 அங்குல மரவளையமும் ஆட்டுத்தோலும் ஐந்து தொகுதித் தகடுகளும் கொண்டது. ஒவ்வொரு தொகுதியிலும் குழிந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே தட்டையான மூன்றாவது தகடு ஒன்று இருக்கிறது; அது அதிர்வை அடக்குவதால் ஒலி நீண்டு இழுக்காமல் வறட்சியாக, வெட்டினாற்போல் நிற்கிறது. பெருவிரலால் தோலின் ஓரத்தில் தட்டும்போது எழும் ஆழ்ந்த ஒலிக்கு ஆட்டுத்தோலே உகந்தது. நைலான் பொருத்திய பாந்தெய்ரோ மழைக்கும் வெயிலுக்கும் அசையாது என்றாலும், அந்த ஆழம் அதில் குறைவு.

கஞ்சிரா பழகியவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கஞ்சிராவின் தோலில் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. பாந்தெய்ரோவின் வளையத்தைச் சுற்றி இறுக்கும் திருகுகள் உள்ளன; சுருதியை ஏற்றுவதும் இறக்குவதும் அவற்றின் வேலை. ஒரு திருகைச் சிறிதளவு திருப்பினால் அடுத்து அதற்கு நேரெதிரே உள்ளதைத் திருப்ப வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டே போனால் தோல் ஒருபக்கமாக இழுபட்டு, நாளடைவில் மரவளையமே கோணலாகிவிடும். ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊரிலிருந்து வறண்ட ஊருக்கோ குளிரூட்டிய அறைக்கோ கொண்டுசெல்வதற்கு முன் எல்லாத் திருகுகளையும் ஒரே அளவில் சற்றுத் தளர்த்திவிடுவது நல்லது, ஏனெனில் ஈரத்தில் தொய்ந்த தோலை இறுக்கி வைத்திருந்தால் வறண்ட காற்றில் அது மேலும் சுருங்கிக் கிழிய வாய்ப்புண்டு. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் வியர்வையைத் துடைத்தால் போதும். விரலைத் தோலின்மேல் உரசி உருட்டொலி எழுப்புவதற்காகச் சிலர் தேன்மெழுகைச் சிறிது தேய்க்கிறார்கள். மெல்லத் தேய்த்தால் அதில் தவறில்லை. தகடுகள் கறுத்தால் பளபளப்பாக்க முனைய வேண்டாம். கறுத்த தகட்டின் மங்கிய ஒலி புதிய தகட்டின் கூர்மையைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

குயிக்கா அழகான தொல்லை. உலோக உருளையின் உட்புறத்தில், தோலின் நடுவில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சி கட்டப்பட்டிருக்கும். ஈரத்துணியால் அந்தக் குச்சியை உருவியபடி, மற்றக் கையின் விரலால் தோலை வெளிப்புறத்திலிருந்து அழுத்தினால் சிரிப்பது போலவும் விம்முவது போலவும் ஒலி எழும். கருவியின் உயிர் முழுவதும் குச்சியும் தோலும் சேரும் அந்த முடிச்சில்தான் இருக்கிறது. குச்சியைப் பக்கவாட்டில் இழுத்தால் தோல் நடுவிலேயே கிழியும். துணியில் தண்ணீர் சொட்டினால் முடிச்சைச் சுற்றியுள்ள தோல் ஊறித் தளரும். எனக்குக் கிடைத்த கருவியில் அந்த முடிச்சு தொடக்கத்திலிருந்தே ஒருபுறம் சாய்ந்திருந்ததால், குச்சி கட்டிய புதிய தோலை விரைவிலேயே மாற்ற நேர்ந்தது. வாங்கும்போது உருளைக்குள் எட்டிப் பார்த்து, குச்சி நடுவில் நேராக நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குச்சியில் படியும் அழுக்கை அவ்வப்போது துடைக்க வேண்டும், இல்லையெனில் துணி வழுக்கும். தொடக்கநிலையில் உள்ளவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சுர்து சாம்பாவின் அடித்தளம். 1928-இல் ரியோ டி ஜெனிரோவின் எஸ்டாசியோ பகுதியில் உருவான தெய்ஷா ஃபலார் என்ற சாம்பா குழுவைச் சேர்ந்த பிதே என்ற இசைக்கலைஞர், பெரிய வெண்ணெய்த் தகர டப்பாவின் மேல் தோலை இழுத்துக் கட்டி முதல் சுர்துவைச் செய்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ரியோவின் கார்னிவல் ஊர்வலத்தில் வாசிக்கும் சாம்பா குழுக்களில் பொதுவாகத் தாழ்ந்த சுருதியுள்ள முதல் சுர்து ஒரு தட்டு கொடுக்க, இரண்டாவது அதற்கு விடை சொல்ல, மூன்றாவது இடையிடையே வெட்டிக்கொண்டு போகும். மங்கேரா குழு மட்டும் விடை சொல்லும் சுர்துவே இல்லாமல் வாசிப்பதைத் தன் அடையாளமாக வைத்திருக்கிறது. நான் வாங்கிய 20 அங்குல அலுமினிய உருளையின் எடை தோளில் மாட்டி நடக்க ஏற்றதாக உள்ளது. அதற்கு ஆட்டுத்தோலே வேண்டும் என்று கடையில் வற்புறுத்தினார்கள். நைலான் பரவுவதற்கு முன் ஊர்வலம் கிளம்புமுன் செய்தித்தாளைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிய காலம் ஒன்று இருந்தது. தெருவில் வாசிப்பவருக்கு இன்று அந்தப் பாடு தேவையில்லை. நாப்பா எனப்படும் செயற்கைத் தோல் போட்டுக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. அறைக்குள் ஒலிப்பதிவு செய்வதானால் ஆட்டுத்தோலின் வெதுவெதுப்புக்கு நிகரில்லை. கடலோரத்தில் வாசித்தால் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும் என்பதால், ஈரத்துணியால் துடைத்து உலர்த்திய பின்பே உறைக்குள் வைக்க வேண்டும். திருகுத் தண்டுகளின் மரையில் சிறிது கிரீஸ் தடவினால் துருப்பிடித்து இறுகாது.

தம்போரிம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 6 அங்குல வளையத்தில் நைலான் தோலை விறைப்பாக இழுத்து, பல கிளைகள் கொண்ட நைலான் குச்சியால் அடிப்பதால் தோல் தேய்ந்து வெடிப்பது இயல்பு. மலிவான கருவி, உதிரித் தோல் இரண்டைச் சேர்த்தே வாங்கிவிடலாம். பிரேசில் கருவிகளின் திருகுத் தலைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் டிரம் செட் திருகுச்சாவி பெரும்பாலும் பொருந்தாது, ஆகவே கருவிக்குரிய சாவியையும் அதே கடையில் கேட்டு வாங்கி, அங்கேயே ஒவ்வொரு திருகிலும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.