பெருநகரத்தில் 12 வருடம், நான்கு வீடு: என் அனுபவம்

பெரிய நகரத்தில் வேலை கிடைத்துக் கிளம்பப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இந்தச் சம்பளம் அங்க போதுமா?" என்பதுதான். செலவு அதிகமான ஒரு நகரத்தில் 12 வருடமாக நான்கு வீடு மாறிக் குடியிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சம்பளத்தை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே எவ்வளவு தூரம், ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க முடியுமா, வேலை இல்லாத நாளில் யாரைப் பார்க்கப் போவீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும். எனக்கே இந்தக் கேள்விகள் முக்கியம் என்று புரிய ஆறு வருடம் ஆனது.

முதல் இரண்டு வருடம் மூன்று பேரோடு ஒரே வீட்டில் இருந்தேன். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 24 வயதில் எல்லாமே புதிதாக இருந்தது, குளியலறைக்கு வரிசையில் நின்றது கூட கஷ்டமாகத் தெரியவில்லை. பிரச்சினை அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. தனியாக ஒரு வீடு வேண்டும், வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று கணக்குப் போட்டுத் தேடினேன், கிடைத்தது நகரத்தின் விளிம்பில். நல்ல வெளிச்சமான வீடு, இரண்டு அறை, பால்கனி, எதிரே மரங்கள். புரோக்கர் "ரயில் நிலையம் பக்கத்துலதான்" என்றார். பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அங்கே வந்து நிற்கிற ரயில் நகரத்துக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். வீட்டுக் கதவிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை ஒன்றரை மணி நேரம்.

அந்த வீட்டில் நான்கு வருடம் இருந்தேன். போக ஒன்றரை, வர ஒன்றரை, வாரத்துக்கு 15 மணி நேரம். வருடத்தில் 48 வாரம் என்று வைத்தால் 720 மணி நேரம், அதாவது முழுசாக 30 நாள். ஒவ்வொரு வருடமும் ஒரு மாதத்தை இரவும் பகலுமாக வண்டியில் கழித்திருக்கிறேன், அதிலும் பாதி நின்றுகொண்டு. இந்தக் கணக்கை நான்காவது வருடத்தில் ஒரு நாள் ரயில் நடுவழியில் நின்றபோதுதான் போட்டுப் பார்த்தேன். அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் ஒரு கருத்தைச் சொன்னார்: மனிதர்கள் எந்தக் காலத்திலும் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் பயணத்துக்குக் கொடுக்கிறார்கள், வண்டி வேகமாக ஆக ஆக அதே நேரத்தில் இன்னும் தூரம் போகிறார்கள், ஊர் அகலமாகிறது. நடந்து போன காலத்தில் சிறிதாக இருந்த நகரம் ரயிலும் காரும் வந்ததும் பரந்தது அப்படித்தான். நான் அந்த ஒரு மணி நேரத்தை மூன்று மடங்காகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொருளாதார ஆய்வாளர்கள் புரூனோ ஃப்ரேயும் அலோய்ஸ் ஸ்டட்சரும் ஜெர்மனியில் பல வருடங்களாகத் திரட்டப்பட்ட தரவுகளை வைத்துப் பார்த்தபோது, பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைவதாகவே தெரிந்தது. தூரமாகப் போனால் மலிவான வாடகையும் பெரிய வீடும் அதை ஈடுகட்ட வேண்டும் அல்லவா, ஈடுகட்டவில்லை. படித்தபோது என் பால்கனி ஞாபகம் வந்தது. வார நாட்களில் அதில் நான் உட்கார்ந்ததே கிடையாது, வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும்.

அந்த நான்கு வருடத்தில் நல்லது எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். காலை வண்டியில் ஒரே பெட்டியில், ஒரே கதவுக்குப் பக்கத்தில் ஏறும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. இப்படித் தினமும் பார்த்தும் பேசிக்கொள்ளாதவர்களை உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் 'பழக்கமான அந்நியர்கள்' என்று பெயர் வைத்து, ரயில் நிலையத்தில் நிற்பவர்களைப் படம் எடுத்து அவர்களிடமே காட்டி ஆராய்ந்திருக்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் போகாமல் ஐந்தாம் நாள் போனபோது, மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசாத ஒரு அம்மா, "என்னங்க, நாலு நாளா காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். உட்காரவும் இடம் கொடுத்தார். பெரிய நகரத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். பார்க்கிறார்கள். இவ்வளவு கூட்டத்தில் எல்லோரோடும் பேச முடியாது, அதனால் பேசாமல் இருக்கிறார்கள்.

மூன்றாவது வீட்டுக்கு மாறியபோது வாடகை சம்பளத்தில் பாதியைத் தொட்டது. ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்படி. ஆனால் ஆபீஸுக்கு நடந்து 25 நிமிடம். வீட்டில் எல்லோரும் திட்டினார்கள், இவ்வளவு வாடகைக்கு ஒரு அறையா என்று. எனக்கோ, மாதா மாதம் இத்தனை மணி நேரத்தை விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறேன் என்ற தெளிவு அப்போது வந்திருந்தது. ஜெர்மன் பொருளாதார அறிஞர் ஃபான் தூனன் 1826லேயே விளைநிலத்தை வைத்து இதை எழுதிவிட்டார்: சந்தையிலிருந்து தள்ளிப் போகப் போக, விளைந்ததை வண்டியில் கொண்டு வரும் செலவு ஏறும், அதற்கேற்ப நிலத்தின் வாடகை இறங்கும். நகரத்து வீட்டுக்கும் அதே கணக்குதான், ஒரே வித்தியாசம், சந்தைக்குப் போகிற சரக்கு நாம். இங்கே நாம் வாடகை கொடுப்பது சுவருக்கு இல்லை, தூரத்துக்கு. வீடு பார்க்கும்போது வாடகையோடு பயணச் செலவையும் பயண நேரத்தையும் கூட்டிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். அப்படிக் கூட்டியும் தூரமாக இருக்கிற வீடுதான் சரி என்று வரலாம், குழந்தைகள் இருந்தாலோ வீட்டிலிருந்தே வேலை பார்த்தாலோ நிச்சயம் வரலாம், ஆனால் கூட்டாமல் முடிவெடுக்காதீர்கள்.

அந்த மூன்றாவது வீட்டில் நான் செய்த தவறு, பகல் 11 மணிக்குப் போய்ப் பார்த்து அங்கேயே முன்பணம் கொடுத்தது. ஜன்னல் பிரதான சாலையைப் பார்த்திருந்தது. ராத்திரி 2 மணிக்குக் குப்பை லாரி, விடிய விடிய பஸ் பிரேக் சத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில், இரவில் வீட்டுக்கு வெளியே சராசரிச் சத்தம் 40 டெசிபலைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். 40 டெசிபல் என்பது அமைதியான நூலகத்தில் கேட்கிற அளவு, என் ஜன்னலுக்கு வெளியே அது எந்த ராத்திரியும் இருந்ததில்லை. சத்தத்துக்குப் பயந்து மூடினால் வெக்கை. பகலில் உறிஞ்சிய சூட்டை கான்கிரீட்டும் தாரும் ராத்திரி முழுக்க வெளியே விடும். லண்டனில் லூக் ஹோவர்ட் என்பவர் 200 வருடத்துக்கு முன்னாலேயே அளந்து பார்த்து, இரவில் நகரம் சுற்றுப்புறத்தை விடச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் சூடாக இருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு நகரங்கள் எவ்வளவு வளர்ந்துவிட்டன! ஆக, வீடு பார்க்கிறவர்கள் வேலை நாளில் ஒரு தரம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தரம், இரண்டு நேரமும் போய்ப் பாருங்கள். உள்ளே போய் ஜன்னலை மூடித் திறந்து பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். மாடிப்படியில் யாராவது வந்தால் கேளுங்கள், அங்கே குடியிருக்கிறவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

சரி, இவ்வளவு கஷ்டத்தோடு ஏன் இங்கேயே இருக்கிறேன்? இதற்கு நான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குப் பழைய ரேடியோ பிடிக்கும். வால்வு ரேடியோ, ஆன் செய்தால் சூடாகிப் பேச அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுமே, அது. சிறிய ஊரில் இந்தப் பைத்தியம் இருந்தால் நீங்கள் ஒரே ஆள்தான். இங்கே மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ஒரு நூலகத்தின் பின் அறையில் பதினான்கு பேர் கூடுகிறோம். ஒருவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர், ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒரு கல்லூரிப் பையன், எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் மின்தேக்கியைத் தொட்டுப் பார்க்காமல், ரேடியோவின் உறுமலைக் கேட்டே எது போயிருக்கிறது என்று சொல்வார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் ஒரு விஷயம் பிடிக்கும் என்றால், பத்தாயிரம் பேர் இருக்கும் ஊரில் பத்துப் பேர்தான், அவர்களும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒரு கோடி பேர் இருக்கிற ஊரில் பத்தாயிரம் பேர். சுமைதூக்கும் தொழிலாளிக்குக் கூட பெரிய ஊரில்தான் பிழைப்பு உண்டு என்று 1776இல் ஆடம் ஸ்மித் எழுதியதன் பொருள் இதுதான், ஆள் கூடினால்தான் ஒரு தனி வேலைக்கும் தனித் திறமைக்கும் இடம் கிடைக்கும்.

என் அம்மாவுக்குக் கண்ணில் விழித்திரை விலகியபோதும் இதுதான் காப்பாற்றியது. பொதுவான கண் மருத்துவரிடம் காலையில் காட்டினோம், அவர் பார்த்ததும் நேரத்தைக் கடத்தாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார், விழித்திரை அறுவை மட்டுமே செய்கிற மருத்துவர் நான்கு தெரு தள்ளி இருந்தார். அன்று சாயங்காலமே பார்த்துவிட்டோம். அம்மா இன்று படிக்கிறார், எழுதுகிறார். நான் எத்தனை வருட வாடகையைக் கொடுத்திருந்தாலும் அந்த ஒரு சாயங்காலத்துக்கு அது தகும்.

என் இப்போதைய வேலையும் ரேடியோ குழுவில் வந்ததுதான். நெருங்கிய நண்பர் யாரும் சொல்லவில்லை, மாதத்துக்கு ஒரு தரம் பார்க்கிற ஒருவர் பேச்சு வாக்கில் சொன்னார். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதியது இதே விஷயம். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டபோது, அந்த ஆளை அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 16.7 சதவீதம்தான், எப்போதாவது பார்ப்பேன் என்றவர்கள் 55.6 சதவீதம். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும், அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் வேறு உலகத்திலிருந்து சேதி கொண்டு வருகிறார்கள். நகரம் தருவது முக்கியமாக இந்த அரைகுறைப் பழக்கங்களைத்தான். வேலை, வீடு, போன் திரை என்று மட்டும் இருந்துவிட்டால் வாடகையைக் கொடுத்துவிட்டு அதற்கான பொருளை வாங்காமல் வருவது போலத்தான், நான் அப்படி நான்கு வருடம் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எனக்கு நிஜமான கோபம் இருப்பது வேறு இடத்தில். சத்தத்தைப் பழகிக்கொள்ளலாம், சிறிய அறையைப் பழகிக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வருகிற அந்தச் சேதியை என்னால் இன்று வரை பழகிக்கொள்ள முடியவில்லை. "வாடகையை ஏத்துறோம், முடியலைன்னா சொல்லிடுங்க." மூன்றாவது வீட்டை அப்படித்தான் விட்டேன். சாமான் தூக்குவது பெரிய விஷயமில்லை, தெருவை விட வேண்டியிருந்ததுதான் வலித்தது. கீழே தையல் கடைக்காரர் என் கூரியரை வாங்கி வைப்பார், மாடி வீட்டுக் குழந்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். மூன்று வருடத்தில் மெதுவாகச் சேர்ந்த அதெல்லாம் ஒரே மாதத்தில் போனது. வீடு மாறினால் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

இதில் பெரிய அநியாயம், நகரத்தை நகரமாக வைத்திருக்கிறவர்கள்தான் முதலில் வெளியேற்றப்படுகிறார்கள். ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ், பஸ் ஓட்டுநர், ஆபீஸ் துடைக்கிற அக்கா, இவர்கள் எல்லாம் எங்களை விடத் தூரத்திலிருந்து, எங்களுக்கு முன்னால் வந்து சேர வேண்டியவர்கள். இது விதி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வியன்னா நகராட்சி 1934க்குள் 60,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளைத் தானே கட்டியது, இன்றும் அந்த நகர மக்களில் சுமார் பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ மானியத்தோடு கட்டிய வீடுகளிலோ இருக்கிறார்கள். ஒரு நகரம் முடிவெடுத்தால் முடியும். முடிவெடுக்காத நகரத்தில் நம் ரேடியோ பெரியவர் போன்றவர்கள் முப்பது வருடம் இருந்த தெருவைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். அவர் போன வருடம்தான் போனார், விளிம்புக்கு, நான் ஒரு காலத்தில் இருந்த அதே ரயில் பாதையில்.

இப்போது இருக்கும் நான்காவது வீட்டின் ஒப்பந்தமும் முடிகிறது. வாடகை ஏற்றியிருக்கிறார்கள், ஓனரிடம் நேரில் போய்ப் பேசினேன், கேட்டதில் பாதி ஏற்றத்துக்கும், இரண்டு வருடம் வாடகையில் கைவைக்காமல் இருக்கவும் ஒப்புக்கொண்டார். கையெழுத்துப் போடப் போகிறேன். பேசிப் பாருங்கள், ஒழுங்காக வாடகை கொடுக்கிற ஆளை இழக்க எல்லா ஓனரும் விரும்புவதில்லை.

வரும் சனிக்கிழமை இரண்டாவது சனி. பெரியவர் வருவதாகப் போன் செய்தார், இந்த வயதில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு வர வேண்டாம், காலை நெரிசல் முடிந்த பிறகு ஏறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பழுதான ரேடியோவையும் தூக்கிக்கொண்டு வருகிறாராம். நான் பத்தரைக்கே நிலையத்துக்குப் போய் நடைமேடையில் நிற்பேன், அந்தப் பையை வாங்கிக்கொள்ள.