பள்ளி மாவட்டக் கல்வி அறக்கட்டளையின் சிறு மானியம்: நான்கு முறை விண்ணப்பித்த ஆசிரியையின் மதிப்பீடு

கலிபோர்னியாவில் ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளி மாவட்டத்துக்கென (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு அது) இயங்கும் கல்வி அறக்கட்டளையிடம் வகுப்பறைச் சிறு மானியம் கேட்டு இதுவரை நான்கு முறை விண்ணப்பித்திருக்கிறேன். மூன்று முறை கிடைத்தது, ஒரு முறை கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஆசிரியர் பணியில் சேர்ந்துள்ள தமிழர்களுக்கும், ஆண்டுதோறும் வீட்டுக்கு வரும் நன்கொடைக் கடிதத்தை என்ன செய்வது என்று யோசிக்கும் பெற்றோருக்கும் உதவும் என்பதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இந்த அறக்கட்டளையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். சங்கம் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கு உரியது. அறக்கட்டளை மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானது. அதற்குத் தனி அறங்காவலர் குழு உண்டு, மாவட்டக் கல்விக் குழுவின் கட்டுப்பாட்டில் அது இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் பதிவு பெற்றிருப்பதால் நன்கொடையாளருக்கு வரிவிலக்கும் உண்டு. கலிபோர்னியாவில் இத்தகைய அமைப்புகள் பெருகியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, சொத்து வரியைச் சொத்தின் மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் நிறுத்தி, அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. பள்ளிகள் பெரிதும் நம்பியிருந்த வருவாய் சட்டென்று சுருங்கியதும், இசை ஆசிரியரையும் நூலகரையும் தக்கவைக்க ஊர் மக்களே பணம் திரட்டத் தொடங்கினார்கள். சான்பிரான்சிஸ்கோவின் கல்வி நிதியம் அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1979இல் தொடங்கியது.

விண்ணப்ப முறையைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய குறை இல்லை. என்ன வாங்கப்போகிறோம், அதை வைத்து மாணவர்கள் என்ன செய்யப்போகிறார்கள், எத்தனை பேருக்குப் பயன்படும், பயன்பட்டதை எப்படித் தெரிந்துகொள்வோம் என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி, விலைப்பட்டியலையும் தலைமையாசிரியரின் ஒப்புதலையும் இணைத்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடித்துவிடலாம். விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நுண்ணோக்கி என்றால் அந்தப் பாடவேளை எப்படிப் போகும் என்பதை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

என் முதல் மானியம் அந்த நுண்ணோக்கிகளுக்காகத்தான். விளக்குடன் கூடிய ஆறு நுண்ணோக்கிகளும் பார்க்கும் பொருளை வைக்கும் கண்ணாடித் தகடுகளும் சேர்த்து 640 டாலர். அவை வந்த வாரம் வெங்காயத்தோலைப் பிரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தோம். ஆகஸ்டில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, செங்கல் சுவர் போல இருக்கிறது, ஒவ்வொரு செங்கல்லுக்குள்ளும் ஒரு புள்ளி இருக்கிறது என்று பக்கத்துப் பையனிடம் சொன்னாள். உட்கரு என்ற சொல்லை நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவளுடைய புள்ளிக்குப் பெயராகத்தான் அது அன்று வகுப்புக்குள் வந்தது. ஒரு நுண்ணோக்கியை வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் எட்டிப் பார்த்த முந்தைய ஆண்டில் யாருக்கும் அந்தப் புள்ளியைக் கவனிக்க நேரம் இருந்ததில்லை. அந்த ஆறு கருவிகளும் ஐந்தாம் ஆண்டாக உழைக்கின்றன.

640 டாலர் ஒரு மாவட்டத்தின் வரவு செலவில் கண்ணுக்கே தெரியாத தொகை. ஆனால் ஆசிரியரின் சொந்தப் பையிலிருந்து போனால் அது பெரிய தொகை. 2014-15 கல்வியாண்டைப் பற்றிய கூட்டாட்சி அரசின் கணக்கெடுப்பில், அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 விழுக்காட்டினர் திரும்பக் கிடைக்காத சொந்தப் பணத்தை வகுப்பறைக்குச் செலவழித்ததாகவும், அப்படிச் செலவழித்தவர்களின் சராசரி 479 டாலர் என்றும் தெரியவந்தது. இதற்கான வருமான வரிக் கழிவு 2022ஆம் வரி ஆண்டில் 250 டாலரிலிருந்து 300 ஆனது. அதுவும் வரிக்கு உட்படும் வருமானத்தில் கழிவதே தவிர, பணம் கைக்கு வருவதில்லை.

ஆசிரியர்கள் கேட்கும் வகுப்பறைப் பொருள்களுக்கு நன்கொடை திரட்டித் தரும் இணையதளமான டோனர்ஸ்சூஸ் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி ஆசிரியர் சார்லஸ் பெஸ்ட் 2000இல் தொடங்கிய அந்தத் தளத்தையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். பணத்தைக் கையில் தராமல் பொருளை வாங்கிப் பள்ளிக்கே அனுப்பிவிடுவதால் ரசீதுத் தொல்லை இல்லை. ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் முன்பின் அறியாத நன்கொடையாளரின் மனத்தைத் தொடும்படி என் மாணவர்களின் வறுமையை விவரித்து எழுதவேண்டியிருந்தது எனக்கு ஒவ்வாமல் போனது. உள்ளூர் அறக்கட்டளையிடம் பாடத்தைப் பற்றி எழுதினால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் முதலில் அதன் கதவைத்தான் தட்டுவேன்.

இனி குறைகள். முதலாவது காலம். விண்ணப்பம் அக்டோபரில் முடிகிறது, முடிவு டிசம்பரில் வருகிறது, தொகை மாவட்டக் கணக்குக்குப் போய்க் கொள்முதல் ஆணையாகிப் பொருளாக வந்து சேரப் பிப்ரவரி ஆகிவிடுகிறது. செப்டம்பர் மாதப் பாடத்துக்குக் கேட்டவர் அடுத்த ஆண்டு மாணவர்களுக்குத்தான் அதைக் காட்டமுடியும். மே மாதத்திலேயே விண்ணப்பம் பெற்றால் பள்ளி திறக்கும்போது பொருள் வகுப்பறையில் இருக்கும். இதைக் கருத்துப் படிவத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். இரண்டாவது, தாள், பசை, பென்சில் போலத் தீர்ந்துபோகும் பொருள்களுக்கு மானியம் இல்லை என்ற விதி. புதுமையான திட்டமே வேண்டும் என்ற அவர்களின் ஆவல் புரிகிறது. என்றாலும் எனக்கு மறுக்கப்பட்ட விண்ணப்பம், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கான எளிய வாசிப்பு நூல்களுக்காகக் கேட்டது. அதைவிட அவசரமான தேவை அந்த ஆண்டு என் வகுப்பில் இருக்கவில்லை. மறுப்புக் கடிதத்தில் காரணமும் சொல்லப்படவில்லை.

மூன்றாவது குறை பெரியது, எங்கள் அறக்கட்டளையை மட்டும் சார்ந்ததும் அன்று. வசதியான மாவட்டத்தின் அறக்கட்டளை ஒரே மாலை விருந்தில் திரட்டும் தொகையை, பக்கத்து ஏழை மாவட்டம் ஓராண்டு முழுவதும் ஓடினாலும் திரட்டமுடியாது. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே நிதி பள்ளிவாரியாகப் பிரிந்துபோனால் இந்த இடைவெளி இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. சாந்தா மோனிகா-மாலிபு மாவட்டம் 2011இல், ஊழியர் ஊதியத்துக்கான நன்கொடையைப் பள்ளிவாரியாகத் திரட்டாமல் கல்வி அறக்கட்டளை வழியாக எல்லாப் பள்ளிகளுக்கும் பகிர்வது என்று முடிவெடுத்தபோது, மாலிபு பெற்றோர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஓரிகானின் போர்ட்லாந்தில், ஒரு பள்ளிக்கெனத் திரட்டப்படும் தொகையில் முதல் 10,000 டாலருக்கு மேற்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போகவேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. இத்தகைய பகிர்வு இல்லாத அறக்கட்டளைக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். எங்களுடையது மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகத் திரட்டுகிறது என்பதால், காலதாமதத்தையும் காரணம் சொல்லாத மறுப்பையும் கழித்து, ஐந்துக்கு நான்கு தருகிறேன்.

விண்ணப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: விலைப்பட்டியலில் விற்பனை வரியையும் அனுப்பும் செலவையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டாம் முறை அதை விட்டுவிட்டதால் 58 டாலர் என் கையிலிருந்து போனது. நன்கொடை தரும் பெற்றோர், அந்தத் தொகை ஒரே பள்ளிக்குப் போகிறதா எல்லாப் பள்ளிகளுக்குமா என்றும், சென்ற ஆண்டு எத்தனை வகுப்பறைகளுக்கு எவ்வளவு சென்றது என்றும் கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் அறக்கட்டளை இவ்விரண்டுக்கும் மறுநாளே பதில் தரும்; எங்கள் அறக்கட்டளை தந்தது.