டிபிஜி பேக்கேஜ் இல்லாத பைத்தான்: பல வருடப் புழக்கத்துக்குப் பின்

பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளின் பதிவுக் கோப்புகளை வாங்கிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது எங்கள் பாளையங்கோட்டை அலுவலகத்து வேலை. பைத்தான், அதன் எண்கணித லைப்ரரி நம்பை, நடுவில் சி மொழியில் எழுதிப் பைத்தானோடு சேர்த்த ஒரு எக்ஸ்டென்ஷன், அடியில் டெபியன் லினக்ஸ். டெபியனின் 10-ஆம் பதிப்பான பஸ்டர் காலத்திலிருந்து இதே ஏற்பாடுதான். அதனால் டிபக் (பிழை தேடும்) வேலைக்காக எக்ஸ்டென்ஷன்களைத் தனியாகக் கம்பைல் செய்து தந்துகொண்டிருந்த டிபிஜி பேக்கேஜ்கள் இருந்த காலத்தையும் பார்த்திருக்கிறேன், அவை போன பிறகும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனது நல்லதுதான் என்பது என் கருத்து.

பஸ்டரில் இருந்தது பைத்தான் 3.7. அதன் டிபக் இன்டர்பிரட்டர், அதாவது பிழை தேட உதவும் கூடுதல் சோதனைகளோடு கம்பைல் செய்த பைத்தான், சாதாரண எக்ஸ்டென்ஷனை ஏற்காது. தனக்கென்று தனியாகக் கம்பைல் செய்ததையே தேடும். நம்பைக்கு டிபிஜி பேக்கேஜ் இருந்தது, சரி. வேறு ஏதாவது ஒரு லைப்ரரிக்கு இல்லையென்றால் இம்போர்ட்டிலேயே நின்றுவிடும். ஒரு கிராஷைப் பார்க்க உட்கார்ந்து, ஊரில் உள்ள எல்லாவற்றையும் கம்பைல் செய்துகொண்டிருப்போம்.

2019 அக்டோபரில் வந்த 3.8 இதை மாற்றியது. டிபக், ரிலீஸ் (சாதாரணப் பைத்தான்) இரண்டின் ஏபிஐயும் (ABI, கம்பைல் ஆன கோடுகள் ஒன்றோடொன்று இணையும் முறை) ஒத்துப்போக, டிபக் இன்டர்பிரட்டர் சாதாரண எக்ஸ்டென்ஷனையே ஏற்றிக்கொண்டது. கிராஷான இடத்தின் ஃபங்ஷன் பெயர், வரி எண்ணைக் காட்டும் டிபக் சிம்பல்களுக்கோ, டெபியனில் தானாக உருவாகும் டிபிஜிசிம் பேக்கேஜ்கள் 2015 கடைசியிலேயே வந்துவிட்டன. பிறகு ஒவ்வொரு லைப்ரரியையும் இரண்டு முறை கம்பைல் செய்து வைக்க என்ன அவசியம்?

பைத்தான் 3.11 உள்ள டெபியன் 12-க்கு, அதாவது புக்வார்முக்கு மாறிய பிறகு வந்த ஓர் ஆனி மாதம். தென்மேற்குக் காற்று உச்சத்தில் இருக்கும்போது சைட்டிலிருந்து போன்: “தம்பி, காத்து இப்பதான் நல்லா அடிக்கி, ஸ்கிரீன்ல ஒண்ணையும் காணோமே.” “பாத்துச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்று வைத்துவிட்டுப் பார்த்தால் செக்மென்டேஷன் ஃபால்ட், தொடக்கூடாத மெமரியைத் தொட்டு புரோகிராம் நின்றிருந்தது. அதே கோப்பை டிபக் இன்டர்பிரட்டரில் ஓட்டினேன். நம்பை சாதாரண நம்பைதான், தடையில்லாமல் ஏறியது. கொஞ்ச நேரத்தில் ‘ரெஃபரன்ஸ் கவுன்ட் (ஒரு ஆப்ஜெக்டை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற எண்ணிக்கை) நெகட்டிவ், ஆப்ஜெக்ட் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தியுடன் நின்றது. ஆனால் அது காட்டிய வரி பைத்தானின் லிஸ்ட் கோடில் இருந்தது, எங்கள் கோடில் இல்லை. ஜிடிபி என்ற டிபக்கரில் அந்த ஆப்ஜெக்டின் கவுன்ட் மேல், அது மாறும்போதெல்லாம் நிறுத்தும் வாட்ச்பாயின்ட் வைத்து மறுபடி ஓட்டியதும் மாட்டியது: லிஸ்டிலிருந்து ஒன்றை எடுக்கும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம் கொடுப்பது நாம் கவுன்ட்டைக் குறைக்கக்கூடாத இரவல் ரெஃபரன்ஸ், பழைய கோடு அதற்கும் கவுன்ட்டைக் குறைக்கும் டெக்ரெஃப் போட்டிருந்தது. இரவல் வாங்கியதை விற்றுவிட்ட கதை.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். மெமரி லீக் (விடுவிக்காமல் விட்ட மெமரி) தேடுகிறவர்களுக்கு இது இடைஞ்சல். மொத்த ரெஃபரன்ஸ் கவுன்ட்டைச் சொல்லும் கெட்டோட்டல்ரெஃப்கவுன்ட், டிபக்காகக் கம்பைல் செய்த கோடில் நடக்கும் கூட்டல் கழித்தலை மட்டுமே எண்ணும். சாதாரண எக்ஸ்டென்ஷன் உள்ளே இருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. அப்போது சந்தேகப்படும் எக்ஸ்டென்ஷனை மட்டும் டிபக் இன்டர்பிரட்டரைக் கொண்டு கம்பைல் செய்துகொள்ளுங்கள். கோப்புப் பெயரில் 311-ஐ ஒட்டி ஒரு ‘டி’ சேரும், சாதாரணக் கோப்போடு மோதாது. இந்த வேலைக்குக்கூடப் பைத்தானின் சொந்த டிபிஜி பேக்கேஜ் இன்னும் இருக்கிறது. போனது எக்ஸ்டென்ஷன்களுடையது மட்டும்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் வேறு. டிபிஜிசிம் பேக்கேஜ்கள் வழக்கமான ஆர்க்கைவில் கிடைக்காது, டெபியன்-டிபக் என்ற தனி ஆர்க்கைவை, பேக்கேஜ்களை இறக்கும் ஏபிடியில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் சிம்பல்களை நெட் வழியாகக் கொடுக்கும் டெபியனின் டிபக்இன்ஃபோடி சர்வர் முகவரியை ஜிடிபிக்குக் கொடுத்தால், வேண்டியதை அதுவே இறக்கிக்கொள்ளும். நெட் நன்றாக இருக்கும் அலுவலகத்துக்கு அது அருமை. சைட்டில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால், சர்வரை அப்டேட் செய்யும்போதே அதே பதிப்பின் டிபிஜிசிம்மையும் இறக்கி வைத்துவிடுகிறோம். பில்ட் ஐடி (ஒவ்வொரு பில்டுக்கும் உரிய அடையாள எண்) பொருந்தாவிட்டால் ஜிடிபி அந்த சிம்பல்களை எடுத்துக்கொள்ளாது.